சோர்வுக்கு மாத்திரை: எம்.எஸ். நோயில் பலனையும் பக்கவிளைவையும் எடைபோடுவது எப்படி?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய் உள்ளவர்களிடம் எது உங்களை அதிகம் முடக்குகிறது என்று கேட்டால், கால் தடுமாற்றத்தையோ பார்வை மங்குவதையோ பலர் முதலில் சொல்வதில்லை. சோர்வைத்தான் சொல்கிறார்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அது உண்டு. வேலையை விடுவதற்கும் வெளியே போவதைக் குறைத்துக்கொள்வதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. "நன்றாகத்தானே இருக்கிறாய், கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் சரியாகிவிடுமே" என்ற வீட்டுப் பேச்சையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது "இதற்கென்று ஒரு மாத்திரை இல்லையா?" என்ற கேள்வி தானாகவே வருகிறது. சோர்வுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. வேறு நோய்களுக்காக வந்து, எம்.எஸ். சோர்வுக்கும் கொடுத்துப் பார்க்கப்படும் மருந்துகள் மூன்று இருக்கின்றன: அமன்டடின், மோடஃபினில், மெத்தில்ஃபெனிடேட். மூன்றுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுப்பதா, எடுத்தால் தொடர்வதா, எப்போது விடுவது என்பதை எப்படி முடிவு செய்வது? பலன் ஒரு தட்டிலும் பக்கவிளைவு மறுதட்டிலுமாகத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சிக்கல் என்னவென்றால், இந்தத் தராசின் இரண்டு தட்டுகளும் பொய் காட்டும். எந்த அளவுக்குப் பொய் காட்டும் என்று தெரிந்த பிறகுதான் எடையை நம்ப முடியும்.

எந்தச் சோர்வு?

எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் மண்டலம், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை பழுதான நரம்பில் மின்சமிக்ஞை மெதுவாகப் போகும். சில இடங்களில் நின்றும் போகும். வழக்கமான ஒரு வேலையைச் செய்யவே மூளை கூடுதல் பகுதிகளை இயக்க வேண்டியிருக்கும். இதோடு அழற்சியும் சேரும். இப்படி நோயே நேரடியாகத் தரும் சோர்வு ஒன்று. இரவு நன்றாகத் தூங்கி எழுந்தும் காலை பதினொரு மணிக்கே உடம்பு ஈயமாய்க் கனக்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, நோயின் துணை விளைவுகளால் வரும் சோர்வு. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தூக்கம் எப்படி நிறையும்? கால் தசைகள் இழுத்துப் பிடிப்பதால் விழித்துக்கொள்பவர்கள், குறட்டையோடு மூச்சு தடைபடுபவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள், வைட்டமின் பி12 குறைவானவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களில் யாருக்கும் ஊக்க மாத்திரை முதல் மருந்தல்ல. ரத்தசோகைக்கு இரும்புச்சத்தும் மூச்சுத்தடைக்கு அதற்கான கருவியும்தான் மருந்து.

தூக்கம் வருவதும் சோர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மருந்துத் தேர்வு இதைப் பொறுத்தது. டி.வி. பார்க்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் கண் சொக்கி உறங்கிவிடுகிறீர்களா? அது பகல்நேரத் தூக்கம். கண் விழித்தே இருக்கிறது, தூங்கச் சொன்னாலும் தூக்கம் வராது, ஆனால் எழுந்து குளிக்கப் போகவே தெம்பில்லை என்றால் அது சோர்வு. பகல்நேரத் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. எட்டுக் கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். பத்துக்கு மேல் போனால் பகல்தூக்கம் மிகுதி என்று பொருள். ஐந்து நிமிட வேலைதான். மருத்துவரிடம் போவதற்கு முன்பே போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.

சேர்ப்பதற்கு முன், இருப்பதை எண்ணுங்கள்

புது மாத்திரையின் பக்கவிளைவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் பக்கவிளைவே சோர்வாக இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். எம்.எஸ். உள்ளவரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் அல்லது டிசானிடின். நரம்பு வலிக்குக் காபாபென்டின், பிரிகாபலின் அல்லது அமிட்ரிப்டிலின். இவை ஒவ்வொன்றும் தூக்கக் கலக்கத்தையோ தளர்ச்சியையோ தரக்கூடியவை. சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சீட்டில் எழுதாமல் வாங்கியது என்பதால் அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதே இல்லை.

பேக்லோஃபென் நல்ல உதாரணம். கால் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அது பலன். ஆனால் பலவீனமான கால் உள்ள சிலர், அந்த இறுக்கத்தின் பலத்தில்தான் நின்று நடக்கிறார்கள். அளவு கூடினால் இறுக்கம் போய்க் கால் துவண்டுவிடும். நடக்க இரட்டிப்பு உழைப்பு தேவைப்படும். சாயங்காலத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடும். இவருக்குச் சோர்வு மாத்திரை எழுதினால், ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து கொடுத்ததாகவே முடியும். அளவைக் குறைப்பதோ, பகல் வேளை மாத்திரையை இரவுக்கு மாற்றுவதோ போதுமானதாக இருக்கலாம். ஆனால் இதை மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். இது வெறும் எச்சரிக்கை வாசகமல்ல, நிஜமாகவே ஆபத்தானது.

கணக்கு இதற்கு நேர்மாறாகவும் போகும். சிறுநீர்ப்பையை அடக்கும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும், சிலருக்கு நினைவை மந்தமாக்கும். காகிதத்தில் பார்த்தால் சோர்வு உள்ளவருக்கு ஆகாத மருந்து. ஆனால் இரவில் ஐந்து முறை எழுந்தவர் ஒரே முறை எழுகிறார் என்றால், மறுநாள் காலை அவருக்குக் கிடைப்பது முழுத் தூக்கம். அவரளவில் அந்தச் சிறுநீர் மாத்திரைதான் சோர்வு மாத்திரை. பக்கவிளைவுப் பட்டியலைப் படித்து மட்டும் ஒரு மருந்தை நல்லது கெட்டது என்று தீர்மானிக்க முடியாமல் போவது இதனால்தான்.

நோயின் போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் தனி வகை. இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், உடம்புவலி, அசதி வருவது வழக்கம். மாதங்கள் செல்லச்செல்ல இது பெரும்பாலும் தணிந்துவிடும். ஊசியை மாலையில் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால் எடுத்தால் உபத்திரவத்தின் பெரும்பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். இந்த ஊசியை எடைபோடும்போது ஒரு பொறி இருக்கிறது. அது தரும் தொல்லை ஒவ்வொரு முறையும் உடம்பில் தெரிகிறது. அது தரும் பலனோ, வராமல்போன ஒரு நோய்த்தாக்கு. வராமல்போனதை யாரும் உணர்வதில்லை. அதனால் நம் மனக்கணக்கில் இத்தகைய மருந்து எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கும். சோர்வு தாங்கவில்லை என்று அதைத் தாமாக நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வழுக்குகிறார்கள். தாங்கவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்கலாம். மாற்றுகள் இன்று நிறையவே இருக்கின்றன.

மூன்று மருந்துகள், மூன்று குணங்கள்

அமன்டடின் 1960களில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்காக வந்தது. பிறகு பார்க்கின்சன் நோய்க்குப் பயன்பட்டது. 1980களில் கனடாவில் எம்.எஸ். சோர்வுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமாக 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. இரவில் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும், வினோதமான கனவுகளைத் தரும். அதனால் காலையிலும் மதியத்திலும் எடுக்கச் சொல்வார்கள். கணுக்கால் வீங்கலாம். கால் தோலில் வலைபோல ஊதா நிறக் கோடுகள் தோன்றலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லாதது, மருந்தை விட்டால் மறைந்துவிடும். வாய் உலர்தலும் மலச்சிக்கலும் உண்டு, இவை எம்.எஸ். உள்ள பலருக்கு ஏற்கெனவே இருக்கும் தொல்லைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து பெரும்பாலும் மாறாமலே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதடைந்தவர் உடம்பில் அது தேங்கும்; தேங்கினால் குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரும். ஆகவே தொடங்குவதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்வது நல்லது. வலிப்பு வந்தவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

மோடஃபினில் விழித்திருக்க வைக்கும் மருந்து. பகலில் கட்டுப்படுத்த முடியாமல் உறங்கிவிழும் நார்கோலெப்சி நோய்க்காக வந்தது. தலைவலி, பதற்றம், குமட்டல், தூக்கமின்மை ஆகியவை பொதுவான தொல்லைகள். ஒரு மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 12 முதல் 15 மணி நேரம் ஆகும். மதியம் தாண்டி எடுத்தவர் நள்ளிரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதில் வியப்பில்லை. அபூர்வமாகத் தோலை உரித்துப் புண்ணாக்கும் கடுமையான ஒவ்வாமை வரலாம். தோலில் தடிப்பு கண்டாலே மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் பொறுத்திருந்து பார்ப்பது என்பதே கிடையாது. இளம் பெண்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். எம்.எஸ். நோயாளிகளில் பெண்களே அதிகம். அவர்களில் பலர் குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள். கருத்தடை மாத்திரையின் பலனை மோடஃபினில் குறைத்துவிடும், மருந்தை நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு மாதம்வரை. அதே மருந்து கருவில் குறைபாடுகளுக்கான அபாயத்தையும் கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அபாயத்தின் முழு உருவம் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு இந்தப் பேச்சைத் தவிர்ப்பது நம் ஊரில் மருத்துவர், நோயாளி இரு தரப்பிலும் நடக்கிறது. தவிர்க்கக் கூடாத பேச்சு இது.

மெத்தில்ஃபெனிடேட், கவனக்குறைவுக் கோளாறுக்குக் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் ஊக்க மருந்து. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், பசியைக் குறைக்கும், பதற்றத்தைக் கூட்டும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. இந்தியாவில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டக் கட்டுப்பாட்டில் வருகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல.

2021ஆம் ஆண்டுச் சோதனை சொல்வது

இந்த மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2021இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆகிய இரண்டு மையங்களில், 141 பேரிடம் நடந்தது. ஒவ்வொருவரும் மூன்று மருந்துகளையும், மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் மாற்றிமாற்றி எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு வாரம்வரை, நடுவில் இரண்டு வார இடைவெளி. எப்போது எதை எடுக்கிறோம் என்பது அவர்களுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. சோர்வை அளந்தது 0 முதல் 84 வரை போகும் ஒரு கேள்வித்தாளால். எண் கூடினால் சோர்வு அதிகம்.

தொடக்கத்தில் சராசரி ஏறக்குறைய 51. அமன்டடின் எடுத்தபோது 41.3. மோடஃபினில் எடுத்தபோது 39.0. மெத்தில்ஃபெனிடேட் எடுத்தபோது 38.6. இதுவரை படித்தவர், பரவாயில்லையே, பத்துப் பன்னிரண்டு புள்ளி குறைகிறதே என்பார். போலி மாத்திரை எடுத்தபோது 40.6.

மூன்று மருந்துகளுக்கும் போலி மாத்திரைக்கும் இடையே கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசமே இல்லை. சோர்வு குறைந்தது உண்மை. ஆனால் குறைத்தது மாத்திரைக்குள் இருந்த ரசாயனம் அல்ல. மிக மோசமான காலத்தில்தான் நாம் மருந்து தேடிப் போகிறோம். மோசமான காலம் தானாகவும் சற்றுத் தணியும். யாரோ நம் சோர்வை நம்பி, கேட்டு, எழுதிவைக்கிறார்கள் என்பதிலும் ஒரு தெம்பு இருக்கிறது. குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் வேலை செய்கிறது. தராசின் பலன் தட்டு காட்டும் பொய் இதுதான்.

பக்கவிளைவுத் தட்டும் சளைத்ததல்ல. மருந்துகளை எடுத்தபோது 100 பேரில் ஏறக்குறைய 40 பேர் ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள். போலி மாத்திரையிலோ? 31 பேர். மாவு மாத்திரையை விழுங்கிவிட்டுத் தலைவலி என்றும் தூக்கம் வரவில்லை என்றும் மூன்றில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் பொய் சொல்லவில்லை. தலைவலியும் தூக்கமின்மையும் எல்லோருக்கும் வருபவைதான். புது மாத்திரை எடுக்கும் வாரத்தில் வந்தால் பழி மாத்திரை மேல் விழுகிறது. ஆக, மருந்தே கொண்டுவந்த கூடுதல் தொல்லை நூற்றுக்கு எட்டொன்பது பேருக்குத்தான்.

இரண்டு தட்டையும் சரிசெய்து பார்த்தால் கணக்கு மிகச் சிறியதாகிவிடுகிறது. பலன் தட்டில், 84 புள்ளி அளவுகோலில் அதிகபட்சம் இரண்டு புள்ளி. மறுதட்டில், நூறு பேருக்கு எட்டொன்பது பேரின் கூடுதல் தொல்லை. ஊசி முனையளவு பலனுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், எல்லோருக்கும் வழக்கமாக எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் நியாயமான பதில். ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள்.

இந்தச் சோதனையில் பகல்தூக்கம் மிகுந்த பிரிவினரைத் தனியே எடுத்துப் பார்த்தபோது மட்டும் மோடஃபினிலும் மெத்தில்ஃபெனிடேட்டும் போலி மாத்திரையைவிட ஓரளவு மேலாகத் தெரிந்தன. ஒரு உட்பிரிவில் கிடைத்தது என்பதால் இதைத் தீர்ப்பாக அல்லாமல் துப்பாகவே கொள்ள வேண்டும். ஆனால் தூக்கத்தை விரட்டும் மருந்து தூக்கம் உள்ளவருக்குப் பயன்படுவதில் பொருத்தம் இருக்கிறது. எப்வொர்த் கேள்விகளை முன்பே போட்டுப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஒரே மருந்தைப் பற்றி அமைப்புகள் வேறுவேறு முடிவுக்கு வருவதும் உண்டு. மனநலம், தோல், இதயம் சார்ந்த அபாயங்களைக் காட்டி, மோடஃபினிலை நார்கோலெப்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2010இல் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட எம்.எஸ். வழிகாட்டியோ, நோயாளியோடு பேசி அமன்டடினையோ மோடஃபினிலையோ, ஒரு வகை மனச்சோர்வு மருந்தையோ பரிசீலிக்கலாம் என்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் மோடஃபினில் வேண்டாம் என்ற விலக்கோடு. எடை போடும் கை மாறினால் முள்ளும் மாறுகிறது.

எத்தனை பேருக்கு, எவ்வளவு கடுமை, எனக்கு என்ன

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் பயந்துபோகாதவர் குறைவு. அந்தத் தாளில் தலைவலியும் உயிரைப் பறிக்கும் தோல்நோயும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். படிக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்கப் பழக வேண்டும். அடிக்கடி வருவது ஆனால் தாங்கக்கூடியது என்றால், தாங்க முடிகிறதா என்று ஒரு வாரம் பார்க்கலாம். பல தொல்லைகள் அளவைக் குறைத்தாலோ வேளையை மாற்றினாலோ அடங்கிவிடும். அபூர்வமானது ஆனால் ஆபத்தானது என்றால், அதன் முதல் அறிகுறி எது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, கண்டவுடன் நிறுத்த வேண்டும். பயந்துகொண்டே இருப்பதைவிட அது உபயோகமானது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைப் பற்றித்தான் அந்தத் தாள் அதிகம் உதவாது. உங்கள் உடம்புக்கு மட்டும் கனமாகும் பக்கவிளைவு. மலச்சிக்கல் சாதாரணத் தொல்லை என்று தாள் சொல்லும். ஏற்கெனவே மூன்று நாளுக்கு ஒருமுறை போராடுபவருக்கு அது சாதாரணமல்ல. லேசான தலைசுற்றல் நன்றாக நடப்பவருக்குப் பெரிதில்லை; கைத்தடியோடு நடப்பவருக்கு அது இடுப்பு எலும்பு முறிவில் முடியலாம். கைநடுக்கம் எழுத்து வேலை செய்பவருக்கு ஒரு விலை, சமையல்காரருக்கு வேறு விலை. விலையை வைக்க வேண்டியவர் நீங்கள். மருத்துவருக்கு மருந்து தெரியும். உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பது நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

தூக்கமின்மையைத் தனியாகவே சொல்ல வேண்டும். இந்த மூன்று மருந்துகளும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. கெட்ட தூக்கம் மறுநாள் சோர்வு. அந்தச் சோர்வுக்காக அளவைக் கூட்டினால் தூக்கம் இன்னும் கெடும். இந்தச் சுழலில் மாட்டியவருக்கு மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றும்; உண்மையில் அது வேலை செய்கிறது, வேண்டாத நேரத்தில்.

சொந்தச் சோதனை

சராசரியில் பலன் இல்லை என்பதால் ஒருவருக்கும் பலன் இல்லை என்று ஆகிவிடாது. சிலருக்கு உண்மையிலேயே உதவலாம். உங்களுக்கு உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள, முறையாகத் தொடங்கி முறையாக நிறுத்தும் ஒரு சின்னச் சோதனையே வழி.

ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். எப்வொர்த்தில் 14 மதிப்பெண். ரத்தப் பரிசோதனைகள் சரி. இரவுத் தூக்கமும் பரவாயில்லை. மதிய வகுப்புகளில் கண் சொக்குகிறது. மருத்துவரும் அவரும் பேசி, குறைந்த அளவு மோடஃபினிலைக் காலையில் மட்டும் எடுத்துப் பார்க்க முடிவு செய்கிறார்கள். மாத்திரை தொடங்கும் முன்பே இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குகிறார்: காலை, மதியம், மாலை சோர்வுக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தார், அன்று முடிந்த ஒரு குறிப்பிட்ட வேலை. அந்த வேலையை அவரே தேர்ந்தெடுக்கிறார்: கடைசி வகுப்பை நின்றபடி முடிக்க முடிந்ததா? "தெம்பாக இருக்கிறேனா" என்ற கேள்விக்கு மனம் விரும்பிய பதிலைச் சொல்லும். நின்றாரா உட்கார்ந்தாரா என்பதில் ஏமாற்ற இடமில்லை.

எந்தத் தேதியில் முடிவு எடுப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கிறார், எந்தத் தொல்லை வந்தால் அதற்கு முன்பே நிறுத்துவது என்பதையும். இந்த வாரங்களில் வேறு எதையும் மாற்றுவதில்லை: புது யோகா வகுப்பு இல்லை, வேறு மாத்திரையின் அளவு மாற்றம் இல்லை. இரண்டை ஒன்றாக மாற்றினால் புகழும் பழியும் எதற்குப் போகும் என்று தெரியாமல் போய்விடும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் இங்கே பருவகாலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே மயலின் இழந்த நரம்பில் சமிக்ஞை தடுமாறும். 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப், உடல் உழைப்புக்குப் பின் இத்தகைய நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை விவரித்தார்; இந்த நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கத்திரி வெயிலில் மாத்திரை தொடங்கி, பருவமழை வந்த பிறகு "நன்றாகக் கேட்கிறது" என்று சொன்னால், கேட்டது மாத்திரையா மழையா? எதிர்த் திசையிலும் இது நடக்கும்: மார்ச்சில் தொடங்கிய நல்ல மருந்தை, மே மாத வெயிலில் வேலை செய்யவில்லை என்று தூக்கி எறிவார்கள். நாட்குறிப்பில் வெயிலுக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

மாத்திரையோடு ஒப்பிட வேண்டியது எது?

எடைபோடும்போது பலர் மாத்திரையை ஒன்றும் செய்யாமலிருப்பதோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள். வேறு வழிகளோடும் ஒப்பிட வேண்டும். 2024இல் அமெரிக்காவில் மிஷிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஒரு சோதனையின் முடிவு வெளியானது. 336 பேரில் ஒரு பிரிவுக்கு மோடஃபினில், இன்னொரு பிரிவுக்குத் தொலைபேசி வழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் பேச்சுவழிச் சிகிச்சை), மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். பன்னிரண்டு வார முடிவில் மூன்று பிரிவிலும் சோர்வு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை. போலி மாத்திரைப் பிரிவு இந்தச் சோதனையில் இல்லை என்பதால், குறைந்த சோர்வெல்லாம் சிகிச்சையால்தான் என்று சொல்லிவிட முடியாது; 2021 சோதனையில் பார்த்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆனால் ஒன்று தெளிவு: தோலைப் புண்ணாக்காத, கருவைப் பாதிக்காத ஒரு வழி, மாத்திரைக்குச் சமமாக ஓடுகிறது.

அந்தச் சிகிச்சைக்கு ஆள் கிடைப்பது நம் ஊரில் எளிதல்ல என்பது வேறு பிரச்சினை. நரம்பியல் துறை உள்ள மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது அதைவிடச் சுலபம். அளவாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சிக்கு எம்.எஸ். சோர்வில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அதற்கும் பக்கவிளைவு உண்டு: முதல் சில வாரம் அசதி கூடும், சூடும் ஏறும். விடியற்காலையில், மின்விசிறிக்குக் கீழே, நடுநடுவே நிறுத்திச் செய்தால் தாங்கலாம்.

நமது ஆசிரியைக்கு வருவோம். எழுதிவைத்த தேதி வந்துவிட்டது. நோட்டில் கடைசி வகுப்பை நின்று முடித்த நாட்கள் கூடியிருக்கின்றன. தலைவலி முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. தொடரலாமே என்று தோன்றும். அப்போதும் ஒரு படி மிச்சமிருக்கிறது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஓரிரு வாரம் நிறுத்திப் பார்ப்பது. நின்ற நாட்கள் அப்படியே தொடர்ந்தால் அந்தப் பலன் மாத்திரையுடையது அல்ல. சரிந்து, மறுபடி தொடங்கியதும் ஏறினால், அவர் அந்த அதிர்ஷ்டசாலிச் சிறுபான்மையில் ஒருவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வியை மறுபடி கேட்டுக்கொண்டு தொடரலாம். அமன்டடின் எடுப்பவர்கள் மட்டும் இந்தச் சோதனையைத் தாமாகச் செய்யக் கூடாது. அதைச் சட்டென்று விடாமல், மருத்துவர் சொல்லும் படிகளில் அளவைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.